மணலும் டியூபும் ஸ்குவாஷ் பந்தும்

1920களில் வானொலிப் பெட்டியைத் தாங்களே பூட்டிக்கொண்ட அமெரிக்கர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. நிலையம் பிடித்தாயிற்று, பாட்டு வருகிறது, சத்தத்தைச் சற்றுக் கூட்டினால் பெட்டி ஊளையிடத் தொடங்கும். வால்வை விரலால் சுண்டினால் ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து மணி அடித்ததுபோல் 'டங்' என்று கேட்கும். பேட்டரியில் ஓடிய அந்தக்கால வால்வுகளுக்குள் இழை மயிர்போல மெல்லியது. கூம்பின் சத்தம் காற்றை அசைக்க, காற்று வால்வை அசைக்க, உள்ளே இழை நடுங்கி மின்னோட்டம் மாறும். அந்த மாற்றம் பெருக்கப்பட்டு மறுபடி கூம்பு வழியாகவே வெளியே வரும். சுற்றிச் சுற்றி வளர்ந்து கடைசியில் ஊளை.

கம்பெனிகள் உடனே மருந்து கண்டுபிடித்தன. சிகாகோவின் பெஞ்சமின் எலெக்ட்ரிக் நிறுவனம் ஸ்பிரிங்கில் மிதக்கும் வால்வு சாக்கெட்டை 'கிளீரடோன்' என்ற பெயரில் விற்றது. வேறு சிலர் ஈயக் கனமேற்றிய தொப்பியை வால்வின் தலையில் கவிழ்த்தார்கள். காசில்லாதவர்கள் சாக்கெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்சு ரப்பரை வைத்து ஒட்டினார்கள், அல்லது கூம்பைத் தூக்கி அடுத்த மேசையில் வைத்தார்கள். இந்தக் கடைசி வைத்தியத்துக்குக் காசே ஆகாது. பலன் கொடுத்ததிலும் அது மற்றவற்றுக்குக் குறைந்ததில்லை.

அதிர்வுக்கு எதிரான வீட்டு வைத்தியம் அங்கேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மிதக்கவிடு என்றது ஒரு கட்சி, கனமேற்றி அழுத்து என்றது மற்றது. அடுத்த நூறாண்டில் இசைத்தட்டுப் பிரியர்கள் தோட்டத்திலிருந்தும் சமையலறையிலிருந்தும் விளையாட்டுக் கடையிலிருந்தும் அள்ளிவந்த பொருள்களெல்லாம் இந்த இரண்டில் ஏதாவது ஒரு கட்சியைச் சேர்ந்தவைதான்.

வால்வைவிட இசைத்தட்டு பல மடங்கு கூச்ச சுபாவம் உள்ளது. 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த நீண்டநேர இசைத்தட்டில் பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. மெல்லிய ஒலிகளுக்கு ஊசி அசையும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. போதாக்குறைக்கு, பள்ளம் அகன்றுவிடக்கூடாது என்பதற்காகத் தட்டில் அடித்தொனியைக் குறைத்துப் பதிவார்கள். ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதைக் கூட்டிச் சரிசெய்யும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் துறை ஏற்றுக்கொண்ட பொது அளவுப்படி 20 ஹெர்ட்ஸ் அருகே இந்தக் கூடுதல் நடுத்தொனியைவிட ஏறத்தாழ 20 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் பத்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பத்து மடங்கு பாட்டுக்கு மட்டும் போவதில்லை. மாடிப்படியில் இறங்கும் காலடிக்கும், மோட்டாரின் உறுமலுக்கும் அதே உபசாரம்தான்.

அதே 1954இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரிலிருந்த கேரார்ட் நிறுவனம் 301 என்ற டர்ன்டேபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊசியைத் தாங்கும் கையும் (டோன்ஆர்ம்) இல்லாமல், கீழே பெட்டியும் இல்லாமல், மோட்டாரும் தட்டும் பூட்டிய வார்ப்புத்தகடு மட்டுமே வாங்குபவர் கைக்கு வரும். மோட்டார் அச்சு ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்ட, அந்தச் சக்கரம் தட்டின் உள்விளிம்பை உரசிச் சுழற்றும். இழுவிசை அபாரம். ஆனால் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர் சக்கரம் மட்டுந்தான் என்பதால் மோட்டாரின் நடுக்கத்துக்கு ஊசிவரை நேர்வழி கிடைத்துவிடும். இதை எங்கே, எதில், எப்படிப் பொருத்துவது என்பது வாங்குபவர் தலையில் விழுந்தது. வீட்டு அதிர்வுத் தச்சர்கள் என்ற ஒரு கூட்டமே உருவானதில் இந்த விற்பனை முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

1958வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்ததும் நிலைமை மோசமானது. ஒற்றைத் தடத் தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடியதுதான் இசை. மேலும் கீழும் ஆடியதை, ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஸ்டீரியோவில் இரண்டு திசையும் இசை. அதுவரை ஒளிந்திருந்த செங்குத்து உறுமல் திடீரென்று காதில் விழுந்தது. நேற்றுவரை அமைதியாக ஓடிய இயந்திரம், கார்ட்ரிட்ஜை மாற்றிய மறுநாளே லாரிபோல் ஓடத் தொடங்கியதற்கு இயந்திரத்தின் மீது குற்றமில்லை.

கனக் கட்சிக்கு இங்கிலாந்தில் ஒரு முன்னோடி ஏற்கெனவே இருந்தார். யார்க்‌ஷரின் இல்க்லியில், தன் வீட்டின் நிலவறையில் 1932இல் வார்ஃப்டேல் ஒலிபெருக்கிகளைச் செய்யத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ். பிழைப்பால் துணி வியாபாரி, ஆசையால் ஒலிக்காரர். ஒலிபெருக்கிப் பெட்டியின் பலகை தானே அதிர்ந்து கூடப் பாடுவதுதான் அவர் பார்த்த எதிரி. அவர் கண்ட மருந்து மணல். இரண்டு மெல்லிய பிளைவுட் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, உலர்ந்த மணலைக் கொட்டி மூடிவிடுவது. பலகை அசைய முயலும்போது மணற்பரல்கள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடும். செங்கல்லால் மூலையில் கட்டும் பெட்டிக்கும் அவர் அளவு கொடுத்தார். 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் மேடைக் கலைஞர்களையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு ஒப்பிட்டுக்காட்டிய பிரிக்ஸ், தன் புத்தகங்களை எளிமையாகவும் கிண்டலாகவும் எழுதினார். அவற்றைப் படித்துவிட்டுப் பின்கட்டில் மணல் சலித்தவர்கள் நிறையப் பேர்.

மணல் ஈரமாக இருக்கக்கூடாது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட முதல் பாடம். ஈரமணல் இறுகிக் கட்டியாகிவிடும், பரல்கள் உரசாது, பலகை வேறு ஊறி உப்பும். அதனால் அடுப்பில் காயவைத்துச் சலித்து, புனல் வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொட்டி, பெட்டியைத் தட்டித் தட்டி இறக்குவார்கள். ஓரத்தில் நூலளவு இடுக்கு இருந்தால்கூட மணல் கசியும். ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கம் போய்விட்டால் கதை முடிந்தது.

மிதக்கவிடும் கட்சியின் பெரிய ஆள் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுஉருவாக்கம் பற்றி மாலை வகுப்பெடுத்தவர். தன் மாணவராக வந்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். சின்னப் பெட்டியில் ஆழமான அடித்தொனி தரும் ஒலிபெருக்கியால் பெயர் வந்தது. 1961இல் அவர் வெளியிட்ட டர்ன்டேபிள், கை, அடிப்பெட்டி, மூடி எல்லாம் சேர்த்து 58 டாலர்.

அதன் உள்ளே பார்த்தால் ஒரு பள்ளிக்கூட மாணவன்கூடப் புரிந்துகொள்வான். தட்டின் அச்சும் டோன்ஆர்மும் ஒரே உலோகச் சட்டத்தில் விறைப்பாகப் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சட்டம் மேல்தகட்டிலிருந்து மூன்று மென்மையான ஸ்பிரிங்குகளில் தொங்கும். மோட்டார் சட்டத்தில் இல்லை, மேல்தகட்டில்; இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பெல்ட் மட்டுமே. வெளியே எது ஆடினாலும் ஸ்பிரிங் விழுங்கிவிடும். அதையும் மீறி வருவது தட்டையும் ஊசியையும் ஒன்றாகவே தூக்கி ஒன்றாகவே இறக்கும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் ஊசிக்கு எதுவும் தெரியாது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே அடிப்பெட்டியைச் சுத்தியலால் தட்டிக்காட்டுவது அந்த டர்ன்டேபிளின் பிரபலமான வித்தை. பாட்டு அறுபடாது. வீட்டில் செய்து பார்க்கும் தைரியத்தை இந்தச் சட்டமும் மூன்று ஸ்பிரிங்கும் எத்தனையோ பேருக்குக் கொடுத்தன. 1965இல் ஸ்விஸ் தோரன்ஸ் நிறுவனத்தின் டிடி 150, 1970களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்பிரன் கொண்டுவந்த லின் சோண்டெக் எல்பி12 என்று பின்னால் வந்த புகழ்பெற்ற பிரிட்டிஷ், ஐரோப்பிய இயந்திரங்கள் பல இந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்.

ஸ்பிரிங்கைச் சீராக்குவது தனிக் கலை. இயந்திரத்தைக் கவிழ்க்காமல் இரண்டு கட்டைகளில் தூக்கி நிறுத்தி, அடியில் கைவிட்டு ஸ்பிரிங்கின் திருகாணியை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். தட்டின் நடுவில் விரலால் மெல்ல அழுத்திவிட்டால் அது பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாக மட்டும் துள்ள வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஸ்பிரிங்கை அது நிற்கும் இடத்திலேயே கொஞ்சம் சுழற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் டோன்ஆர்மிலிருந்து இறங்கும் ஒயர். சட்டத்தைப் பிடித்து இழுப்பது அதுதான். ஒயரைத் தளர்த்திக் கட்டினால் தட்டு சொன்னபடி கேட்கும்.

இவ்வளவு பாடுபட்டும் 1970களின் பிரிட்டிஷ் வீடுகளில் ஊசி துள்ளிக்கொண்டே இருந்தது. காங்கிரீட் தளத்தில் நடந்து பழகிய சென்னைக்காரருக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே வரிசை வீடுகளின் தரை மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்தது, அடியில் வெற்றிடம். யாராவது குறுக்கே நடந்தால் தரையே மெத்தைபோல் அமுங்கி எழும். காலடியின் அதிர்வும், மரத்தரையின் துள்ளலும், ஸ்பிரிங்கின் இயல்பான ஊசலும் ஏறக்குறைய ஒரே அலைவரிசைப் பகுதியில் கிடப்பதால், அதிர்வை விழுங்க வைத்த ஸ்பிரிங்கே அதைப் பெரிதாக்கிக் கொடுத்தது. கனமான பீரோவின் மேல் வைத்தாலும் பயனில்லை. பீரோவும் தரையோடு சேர்ந்துதானே ஆடுகிறது.

வழி சுவரில் இருந்தது. செங்கல் சுவர் நடப்பவரைக் கண்டுகொள்ளாது. இரண்டு இரும்புத் தாங்கி, நாலு திருகு, ஒரு இலேசான பலகை. முதலில் வீட்டில் செய்துகொண்டார்கள், பிறகு டார்கெட் போன்ற நிறுவனங்கள் சுவர்த் தாங்கிகளை விற்றன. இந்த நூற்றாண்டு வரலாற்றில் ஏறத்தாழ எல்லோருக்கும் பலித்த ஒரே வைத்தியம் எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, பெரிய சச்சரவு எதுவும் அதைச் சுற்றி எழவில்லை.

1980களில் சரக்கு பெருகியது. ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம். உள்ளே காற்று, மேலே தடித்த ரப்பர், தரையில் போட்டால் சோம்பேறித்தனமாகத்தான் எழும். சோம்பல்தான் இங்கே தகுதி. ஆற்றலைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளேயே தின்றுவிடும் ரப்பர் வேண்டும். நாலு பந்தை எடுத்து, உருண்டு ஓடாதபடி பிளாஸ்டிக் குழாயை வளையமாக அறுத்து அதில் உட்காரவைத்து, மேலே பலகை. சில மாதங்களில் பந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும், புதிதாக மாற்ற வேண்டும். டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தவர்களும் உண்டு. வெட்டிய பந்தின் ஓரம் பிதுங்கி விரிவதால் அது அவ்வளவாக நிலைக்கவில்லை.

தோட்டக் கடையில் கிடைத்த, 45 சென்டிமீட்டர் சதுரக் காங்கிரீட் பலகை இன்னொரு பிரபலம். எடை 18 கிலோ அளவுக்கு வரும். அதைத் தனியாக வைத்தால் பாதி வேலைதான். அடியில் ஏதாவது மெத்தென்று இருந்தால்தான் கனம் பலன் தரும். மெத்தென்றதாக சைக்கிள் டியூப் வந்தது. குழந்தைகள் சைக்கிளின் சின்ன டியூபைச் சுருட்டி வைத்து, வால்வு மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும்படி விட்டு, மேலே பலகையைப் போட்டுக் கைப்பம்பால் காற்றடிப்பார்கள். அதிகம் அடித்தால் டியூப் விறைத்துக் கல்லாகிவிடும். பலகை மேசையை விட்டு எழும்பிய கணத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்து, டர்ன்டேபிளைக் கையளவு இப்படியும் அப்படியும் நகர்த்திச் சமன் பிடிக்க வேண்டும். வாரத்துக்கொரு முறை காற்று இறங்கியிருக்கும். மாக்ஸ் டவுன்சென்ட் என்ற பொறியாளர் இதே தத்துவத்தை உலோகப் பெட்டிக்குள் அடைத்து 'சீஸ்மிக் சிங்க்' என்று விற்றார்; வாங்க முடியாதவர்கள் சைக்கிள் கடைக்குத் திரும்பினார்கள்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி மாரிஸ் ஹைல்ஸ் உருவாக்கிய சோர்போதேன் என்ற பிசின்போன்ற பாலியூரித்தேன் 1980களில் செருப்பின் உள்ளடியாகவும் ஒலிக்கருவியின் காலாகவும் ஒருசேரக் கடைக்கு வந்தது. புத்திசாலிகள் ஒலிக்கடையின் விலையைப் பார்த்துவிட்டுச் செருப்புக்கடையில் வாங்கிக் கத்தரித்துக்கொண்டார்கள். ஐகியாவின் லாக் மேசையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. மலிவு, உள்ளே தேன்கூடுபோல் மடித்த காகித அட்டை, அதனால் விறைப்பு அதிகம், எடை குறைவு. கனமே மேன்மை என்று நம்பியவர்களை அந்தக் காகித மேசை ரொம்பவே எரிச்சலூட்டியது.

இந்தச் சரக்குகளில் எது வேலை செய்யும் என்று சொல்ல மாயமந்திரம் தேவையில்லை. ஒரு அடிக்கோல் போதும். கருவியை வைத்ததும் ஸ்பிரிங்கோ ரப்பரோ எவ்வளவு அமுங்குகிறது? ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த ஏற்பாட்டின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். நாலு மில்லிமீட்டர் என்றால் 8. 25 மில்லிமீட்டர் அமுங்கினால்தான் 3 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் எந்த மெத்தையும் குறைக்கும். அந்த எண்ணுக்கு அருகே உள்ளதைப் பெரிதாக்கும். டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஊசலாடும். இனி கணக்கைப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்காத தடித்த ரப்பர் வில்லை காலடியைத் தடுக்கவே முடியாது. கறுப்பாக, உறுதியாக, விலையுயர்ந்து இருப்பதால் தடுக்கும் என்று வாங்குபவருக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கூர்முனைக் கால்களின் கதையும் இப்படித்தான். ஒலிபெருக்கி ஸ்டாண்டின் அடியில் ஊசிக்கால் வைத்துக் கம்பளத்தைத் துளைத்துத் தரையில் ஊன்றுவது உருப்படியான யோசனை. பெட்டி ஆடாமல் நிற்கும். மரத்தரை கெட்டுவிடக்கூடாது என்று முனைக்கு அடியில் சில்லறைக் காசு வைத்தார்கள். அதுவும் நியாயம். ஆனால் 1980களில் உலோகக் கூம்புகளை விற்றவர்கள், அதிர்வு கூம்பின் வழியே கீழே இறங்கும், மேலே ஏறாது என்று ஒரு புராணம் கட்டினார்கள். விறைப்பான உலோகத்துக்கு வழி ஒன்றுதான். மேலிருந்து கீழே போகக்கூடியது கீழிருந்து மேலேயும் வரும். டர்ன்டேபிளுக்கு அடியில் கூம்பு வைத்தவர்கள் தரையை ஊசிக்கு இன்னும் நெருக்கமாகக் கட்டிவைத்தார்கள் என்பதே உண்மை.

சிடி வந்தபிறகு இந்தத் தொழில் தேய்ந்திருக்க வேண்டும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. லேசர் எதையும் தொடுவதில்லை, படிப்பதில் விடுபட்டதைப் பிழைதிருத்தக் குறியீடு நிரப்பிவிடும். ஆனால் பழக்கம் விடவில்லை. சிடி கருவிக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் அடியில் பித்தளை, பீங்கான், கார்பன் என்று கால்கள் முளைத்தன. பொட்டலம் கட்டும் காற்றுக்குமிழ்த் தாளை மடித்துக் கருவிக்கு அடியில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்களில் சிக்கனமானவர்கள். தளர்ந்த மூடி கிணுகிணுக்கும் கருவிக்கு இவற்றால் ஏதாவது நன்மை இருக்கலாம். மற்றபடி, கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் வேறுபாட்டை நிரூபிப்பது வெகு சிரமம். வால்வு கருவிக்காரர்கள் மட்டும் இதில் விதிவிலக்கு. கண்ணாடிக் குமிழின் கழுத்தில் சிலிக்கோன் வளையம் மாட்டும் அவர்கள் 1920களின் அதே ஊளையோடு நியாயமாகவே சண்டை போடுகிறார்கள்.

உண்மையான அவசரம் நடனக் கூடங்களில் இருந்தது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம், கனத்த ரப்பர் அடித்தளத்தோடு, டிஜேக்களின் நிரந்தரக் கருவியானது. ஆனால் ஆளுயர அடித்தொனிப் பெட்டிகள் சில அடி தூரத்தில் முழங்கும்போது எந்தத் தொழிற்சாலை ரப்பரும் போதாது. ஊசி அந்த முழக்கத்தை மறுபடி பிடித்துப் பெட்டிக்கு அனுப்பி, கூடம் முழுக்க ஒரே ஊளையாகும். கூடத்துக்காரர்கள் காங்கிரீட் பலகையைச் சங்கிலியிலோ எலாஸ்டிக் கயிற்றிலோ உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு அதன்மேல் டர்ன்டேபிளை வைத்தார்கள். கனம், மிதப்பு என்று அடித்துக்கொண்டிருந்த இரண்டு கட்சியும் ஒரே கயிற்றில் தொங்கிய ஏற்பாடு அது.

2010இல் நிறுத்தப்பட்ட எஸ்எல்-1200 வரிசை 2016இல் திரும்பியது. வினைல் விற்பனை உயர, பழைய கேரார்டுகளுக்குப் பலகைக்கல்லிலும் அடுக்கடுக்கான பிர்ச் பிளைவுட்டிலும் பீடம் செதுக்கும் வேலையும் சூடுபிடித்தது. பழைய தலைமுறைக்கு இல்லாத ஒரு கருவி இன்றைய அதிர்வுத் தச்சர்களின் சட்டைப்பையில் இருக்கிறது. கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, அதிர்வை வரைபடமாகக் காட்டும் செயலிகளோடு சேர்ந்தால், அலமாரியின் மேல் பேசியை வைத்துவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டியதும் எந்த அதிர்வெண்ணில் சிகரம் எழுகிறது என்று காட்டிவிடும். டியூபில் காற்றை அதைப் பார்த்துக்கொண்டே ஏற்றி இறக்கலாம்.

மைக்ரான் கணக்கில் நடக்கும் நுண்ணசைவு மட்டும் பேசிக்குப் பிடிபடாது. அதற்கு டர்ன்டேபிளுக்குள்ளேயே நல்ல உணரி இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவைத்து, மோட்டாரை நிறுத்தி, ஓடாத தட்டின் மேல் ஊசியை இறக்க வேண்டும். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிறகு மெல்லச் சத்தத்தைக் கூட்டி, அலமாரியை விரல்முட்டியால் தட்டிப் பார்க்கலாம், அறையின் குறுக்கே நடந்து பார்க்கலாம். அடுத்தபடியாக ஆம்ப்ளிஃபையரில் வேறொரு பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, ஊசி பிடிப்பதைக் கணினியில் தனியே பதிவுசெய்வார்கள். தட்டியபோதும் நடந்தபோதும் எதுவும் கேட்காமல், நின்றுகொண்டிருக்கும் தட்டிலிருந்து அந்தப் பாட்டு மட்டும் மங்கலாகக் கேட்டால், மிச்சமிருக்கும் பாதை பெரும்பாலும் காற்றுவழிப் பாதை. அதற்குப் பந்தும் மணலும் உதவாது. ஒலிபெருக்கியை நகர்த்த வேண்டும், அல்லது மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி பதிந்து பார்க்க வேண்டும்.